கள்ளனும் காவலனும்

மேல்நாட்டுத் தொலைக்காட்சிகளில் அண்மைக் காலத்தில் வெளிவரும் மர்மத் தொடர் நாடகங்களைக் குறித்து முதியோர் பலர் ஒரு குறை கூறுவதுண்டு. முன்னாளில் கதாநாயகன் என்றால் நல்லவன், வில்லன் என்றால் கெட்டவன். நாடகம் முடியும்போது ஒருவனுக்கு மாலை, மற்றவனுக்கு விலங்கு. இப்பொழுதோ துப்பறிவோன் பொய் சொல்கிறான், பூட்டை உடைக்கிறான், சில வேளை கொலையும் செய்கிறான். குற்றவாளியோ பார்ப்பவரின் கண்ணீரைப் பெறுகிறான். யார் பக்கம் நிற்பது என்று தெரியவில்லை. ஆகவே காலம் கெட்டுவிட்டது என்பது அவர்கள் முடிவு.

காலம் கெட்டதோ இல்லையோ, இக்குறையிலே வரலாற்றுப் பிழை ஒன்று உண்டு. கள்ளனும் காவலனும் ஆதியில் தெளிவாகப் பிரிந்து நின்று பின்னர் கலந்துவிட்டவர்கள் அல்லர். துப்பறியும் தொழில் ஐரோப்பாவிலே தோன்றிய நாளில் அவ்விருவரும் பல வேளை ஒரே ஆளாகவே இருந்தனர். அவர்களை இரு கூறாக்கிக் காட்டியது பிற்காலம். அந்தப் பிரிவினையும் நெடுநாள் நிலைக்கவில்லை.

பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டன் மாநகரில் இன்றைய பொருளிலே பொலிஸ் என்று ஒன்று இருக்கவில்லை. இரவிலே விளக்கும் தடியும் ஏந்திச் சுற்றிய காவற்காரர் இருந்தனர். அவர்களைக் கண்டு அஞ்சிய கள்ளர் குறைவு. களவு கொடுத்தவர் தாமே கள்ளனைத் தேடிப் பிடித்துத் தம் செலவிலேயே வழக்காட வேண்டும். அரசாங்கம் பெரும்பாலும் செய்தது கள்ளர் தலைக்கு விலை கூறியதுதான். 1692ஆம் ஆண்டுச் சட்டப்படி, வழிப்பறிக்காரன் ஒருவனைப் பிடித்துக் கொடுத்து அவன் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டால், பிடித்தவருக்கு 40 பவுண் சன்மானம். வீட்டு வேலைக்காரன் ஒருவன் பல ஆண்டு உழைத்தாலும் காணாத தொகை அது. இவ்வாறு ஆள் பிடித்துப் பிழைத்தவர்களைக் 'கள்ளர் பிடிப்போர்' என்று ஊரார் அழைத்தனர்.

இத்தொழிலைப் பெருவணிகமாக்கியவன் ஜொனதன் வைல்ட். 1683இல் வுல்வர்ஹாம்ப்டன் என்னும் ஊரிலே ஞானஸ்நானம் பெற்றவன். சப்பாத்துக்கும் இடைவாருக்கும் கொளுவி செய்யும் தொழில் பழகியவன். இலண்டனுக்கு வந்து கடன்பட்டு, கடன்காரருக்கான மறியலிலே சில காலம் கிடந்தான். கள்ளர் உலகத்தின் நெளிவு சுழிவுகள் யாவும் அவனுக்கு அங்கேதான் பாடமாயின. வெளிவந்தபின் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்துக்கு அருகிலேயே ஒரு காரியாலயம் திறந்தான். இழந்த பொருளை மீட்டுத் தருவது அங்கே தொழில். பொன் கடிகாரத்தைப் பறிகொடுத்த சீமாட்டி அங்கே வருவாள். வைல்ட் மரியாதையுடன் வரவேற்பான். பொருளின் அடையாளத்தைப் புத்தகத்திலே எழுதிக்கொள்வான். விசாரித்துப் பார்ப்பதாகச் சொல்வான். சில நாளிலே கடிகாரம் திரும்பி வரும். கிடைத்த மகிழ்ச்சியிலே அவள் மனமுவந்து ஒரு தொகை கொடுத்துவிட்டுப் போவாள். கடிகாரத்தைத் திருடியவன் வைல்டுக்குக் கட்டுப்பட்ட கள்ளன் என்பது அவளுக்குத் தெரியாது. தெரிந்தாலும் அவள் கவலைப்பட்டிருப்பாளா என்பது ஐயமே.

கட்டுப்படாத கள்ளனுக்கு வேறு வழி வைத்திருந்தான். அவனைப் பிடித்து நீதிமன்றத்திலே நிறுத்தி, சாட்சியும் சொல்லி, தூக்குமரத்துக்கு அனுப்பி, 40 பவுணையும் பெற்றுக்கொள்வான். வெள்ளிப்பூண் இட்ட தடியைக் கையிலேந்தி, 'பெரிய பிரித்தானியாவினதும் அயர்லாந்தினதும் கள்ளர் பிடிக்கும் தளபதி' என்ற பட்டத்தைத் தானே சூடிக்கொண்டு வீதியிலே நடந்தான். 1720இல் அரசரின் ஆலோசனைச் சபை குற்றங்களைக் குறைக்கும் வழி யாது என்று அவனிடமே கேட்டது. சன்மானத்தைக் கூட்டுக என்றான் வைல்ட். அவ்வாறே இலண்டன் வழிப்பறிக்காரர் தலைக்கு மேலும் 100 பவுண் கூட்டப்பட்டது.

வேலியே பயிரை மேய்ந்த கதை என்று இதனைத் தமிழிலே எளிதாகச் சொல்லி முடித்துவிடலாம். ஆயின் விஷயம் அத்துணை எளிதன்று. பொருளை இழந்தவருக்குப் பொருள் திரும்பிக் கிடைத்தது. ஊரை நடுங்கவைத்த வழிப்பறிக் கூட்டங்கள் சில மெய்யாகவே உடைந்தன. அக்காலத்து இலண்டன்வாசி ஒருவர் வைல்டைக் கொடியவன் என்று மறைவிலே பேசியிருப்பார்; தம் வீட்டிலே களவு போனதும் அவன் வாசலுக்கே ஓடியிருப்பார்.

இந்த வைல்டுக்கு எதிரே வந்து நின்றவன் ஜக் ஷெப்பர்ட் என்னும் இளம் திருடன். தச்சனிடம் தொழில் பழகிய சிறுவன்; உடலாலும் சிறியவன். வைல்டின் கீழ் அடங்க மறுத்தான். 1724ஆம் ஆண்டு ஒன்றிலேயே நான்கு முறை சிறையிலிருந்து தப்பினான். கடைசி முறை நியூகேட் சிறையில் விலங்கு பூட்டி நிலத்தோடு பிணைத்து வைத்திருந்தும், பூட்டிய கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து கூரை வழியே போய்விட்டான். மீண்டும் அகப்பட்டபோது, அரசரின் ஓவியராகிய சேர் ஜேம்ஸ் தோர்ன்ஹில் சிறைக்குள்ளே சென்று அவன் உருவை வரைந்தார் எனின், ஊரார் அவனை எவ்வாறு கொண்டாடினர் என்பதை ஊகிக்கலாம். 1724 நவம்பர் 16ஆம் நாள் டைபர்னில் அவன் தூக்கிலிடப்பட்டபோது பெருந்திரளான மக்கள் கூடி அவனுக்காக இரங்கினர். ஷெப்பர்டின் தோழனாகிய 'நீலத்தோலன்' என்று பெயர் பெற்ற ஜோசப் பிளேக், நீதிமன்ற வளவிலேயே வைல்டின் கழுத்தைக் கத்தியால் அறுத்தான். வைல்ட் பிழைத்துக்கொண்டான், ஆயினும் அவனுடைய மதிப்பு பிழைக்கவில்லை. சட்டத்தின் பெயரால் நின்றவனை மக்கள் வெறுத்தனர். சட்டத்தை மீறியவனை நேசித்தனர்.

வைல்டின் முடிவும் விசித்திரமானது. திருடனைப் பிடித்துக் கொடாமல், திருட்டுப் பொருளைத் திருப்பிக் கொடுப்பதற்குப் பணம் பெறுவது குற்றம் என்று 1718ஆம் ஆண்டுச் சட்டத்திலே ஒரு பிரிவு இருந்தது. அவனை நினைத்தே எழுதிய பிரிவு அது. வேறொரு வழக்கிலே கைதாகி நியூகேட் சிறையிலிருந்த நாளிலும், காணாமற்போன பின்னற்சரிகைப் பெட்டியொன்றை மீட்டுக் கொடுத்துப் பத்துக் கினி வாங்கினான். அதுவே அவன் கழுத்துக்கு வந்தது. வழக்கு நடந்தபோது, தான் பிடித்துக் கொடுத்த எழுபதுக்கு மேற்பட்ட குற்றவாளிகளின் பெயர்ப் பட்டியலை அச்சிட்டு வழங்கினான். பயனில்லை. 1725 மே 24ஆம் நாள் அவனும் டைபர்னுக்குப் போனான். வழிநெடுகக் கல்லும் சேறும் அவன்மேல் விழுந்தன.

அவன் போனான், சன்மானம் இருந்தது. இதன் கொடுமையை அறிய 1754ஆம் ஆண்டுக்கு வரவேண்டும். ஸ்டீவன் மக்டானியல் என்பவனும் அவன் கூட்டாளிகளும் கள்ளரைத் தேடி அலைவதையும் வீண் சிரமம் என்று கண்டனர். வறிய இளைஞரை வேலை தருவதாக ஆசைகாட்டி அழைத்துச் சென்று, நடவாத வழிப்பறியை நடந்ததாகச் சத்தியம் செய்து, அவர்களை நீதிமன்றத்திலே நிறுத்தினர். ஜோஷுவா கிடன் என்ற ஏழை இவ்வாறு தூக்கிலிடப்பட்டான். அவன் செய்த குற்றம், சுமை தூக்க ஆள் வேண்டும் என்ற சொல்லை நம்பியதுதான். அவ்வாண்டிலேயே உண்மை வெளிப்பட்டது. 1756இல் அக்கூட்டத்தாரைப் பொது இடத்திலே தண்டமரத்தில் பூட்டி நிறுத்தியபோது, கூடியிருந்தோர் எறிந்த கல்லினால் அவர்களில் ஒருவன் இறந்தான். கிடனுக்கு அதனால் ஒன்றும் திரும்பிக் கிடைக்கவில்லை.

வைல்டின் கதையை 1743இல் நாவலாக எழுதியவர் ஹென்றி பீல்டிங். பெருந்தலைவர் எனப் போற்றப்படும் அரசியல்வாதிக்கும் பெருங்கள்ளனுக்கும் உள்ள ஒற்றுமையைக் கேலியாகக் காட்டிய நூல் அது. அதே பீல்டிங் 1748இல் இலண்டன் போ வீதி நீதவானாக அமர்ந்தார். அடுத்த ஆண்டில் ஆள்பிடிக்கச் சிறு படையொன்றை அமைத்தார். 'போ வீதி ஓட்டக்காரர்' என்று பின்னர் புகழ்பெற்றவர்கள் அவர்களே. அவர்களும் சன்மானத்தால் பிழைத்தவர்கள்தாம். கள்ளர் பிடிப்போனை இழிந்தவனாக எழுதிய கை, கள்ளர் பிடிக்கும் தொழில் நாட்டுக்கு நன்மை செய்வது என்று 1751இல் வாதாடியும் எழுதியது. இதனை முரண்பாடு என்று கூறிச் சிரிப்பது எளிது. நீதவான் ஆசனத்தில் இருந்தவருக்கு வேறு ஆட்கள் கிடைக்கவில்லை என்பதே உண்மை.

பிரான்சு தேசத்திலே நிகழ்ந்தது இன்னும் வியப்பானது. 1775இல் அராஸ் நகரத்து ரொட்டிக்காரருக்கு மகனாகப் பிறந்த பிரான்சுவா விடொக், பொய்ப் பத்திரம் தயாரித்த குற்றத்துக்காகக் கடுஞ்சிறைக்கு அனுப்பப்பட்டவர். பிரெஸ்ட் துறைமுகச் சிறையிலிருந்து தப்பினார்; பிடிபட்டார்; மீண்டும் தப்பினார். ஓடி ஓடிச் சலித்து, 1809இல் பாரிஸ் பொலிசாருக்கு உளவு சொல்ல இசைந்தார். சிறைக்குள்ளே கைதியாகவே இருந்துகொண்டு, தம்மை நம்பிப் பேசிய கைதிகளின் இரகசியங்களை மேலிடத்துக்கு அனுப்பினார். இரண்டு ஆண்டளவில் வெளியே விடப்பட்டார். 1812இல் 'சூரெத்தே' என்னும் துப்பறியும் படைக்குத் தலைவரானார். தமக்குக் கீழே பழைய கைதிகளையே அமர்த்திக்கொண்டார். கள்ளனைக் கள்ளனே அறிவான் என்பது அவர் கொள்கை. அவருடைய ஆட்கள் சந்தைகளிலே பொக்கற்றில் கைவைக்கிறார்கள் என்று பழி எழுந்தபோது, அனைவரும் கையுறை அணிய வேண்டும் என்று கட்டளையிட்டாராம். கையுறை அணிந்த விரல் திருட்டுக்கு உதவாதல்லவா!

1818இல் மன்னர் அவருக்கு மன்னிப்பு வழங்கினார். 1827இல் பதவி துறந்தார். 1832இல் மீண்டும் சேர்ந்தார். ஒரு திருட்டைத் தூண்டிவிட்டதே அவருடைய தரப்புத்தான் என்ற பழியின் நடுவே அவ்வாண்டிலேயே விலகினார். அவருக்குப் பின் வந்தவர்கள் பழைய குற்றவாளிகளைப் படையிலே சேர்ப்பதை நிறுத்தினர். கள்ளனும் காவலனும் பிரிக்கப்பட்டது இங்கேதான் எனலாம். ஆயின் அந்தப் பிரிவினை அரசாங்க ஏட்டிலே நிகழ்ந்தது. எழுத்தாளரின் ஏட்டிலே நிகழவில்லை.

விக்தோர் ஹியூகோ 1862இல் வெளியிட்ட பெருநாவலிலே, ஒரு ரொட்டியைத் திருடிச் சிறை சென்று பின் நல்லவனாக வாழும் ஜீன் வல்ஜீனும், அவனை விடாது துரத்தும் பொலிஸ் அதிகாரி ஜாவெரும் வருகின்றனர். இருவருக்கும் விடொக்கின் வாழ்க்கையே மூலங்களில் ஒன்று என்று இலக்கிய வரலாற்றார் கூறுவர். ஒரு மனிதரை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை மறு பாதி துரத்துமாறு செய்துவிட்டார் ஆசிரியர். தமிழ் நேயருக்கு இக்கதை புதிதன்று. சுத்தானந்த பாரதியாரின் மொழிபெயர்ப்பான 'ஏழை படும் பாடு' 1950இல் திரைப்படமாயிற்று. அதிலே ஜாவெர் பாத்திரம் ஏற்ற சீதாராமன், 'ஜாவர்' சீதாராமன் என்றே கடைசிவரை அழைக்கப்பட்டார். துரத்தும் காவலனின் பெயர் ஒரு நல்ல நடிகரின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. அவரே எழுதித் துப்பறியும் அதிகாரியாகவும் நடித்த 'அந்த நாள்' 1954இல் வந்தது. அதில் கொலையுண்டவன் நாட்டுக்குத் துரோகம் செய்தவன், கொலைக்குக் காரணமானவள் நாட்டை நேசித்த அவன் மனைவி. குற்றவாளி யார் என்ற கேள்விக்கு விடை கிடைத்தபின்பும் அமைதி கிடையாத படம் அது.

ஆங்கில நாட்டிலே, கொனன் டொயில் 1887இல் படைத்த ஷெர்லொக் ஹோம்ஸ் முழு நல்லவன் என்று பலர் எண்ணுகின்றனர். கதைகளைத் திரும்பப் படித்தால் அவ்வாறு தோன்றாது. நீலக்கல் திருடிய ஒருவனைக் கிறிஸ்துமஸ் காலத்துக் கருணையால் ஓடவிடுகிறார்; பிறிதொரு கதையிலே கொலை செய்த மாலுமியைத் தம் அறையிலேயே விசாரித்து, நண்பர் வட்சனைச் சூரராக்கி, விடுதலை செய்கிறார். பெண்களின் இரகசியக் கடிதங்களை வாங்கி வைத்து மிரட்டிப் பணம் பறிக்கும் மில்வெர்டன் வீட்டிலே இரவில் பூட்டுடைத்துப் புகுகிறார். அங்கே பாதிக்கப்பட்ட பெண்ணொருத்தி அவனைச் சுட்டுக் கொல்வதைத் திரைக்குப் பின்னால் நின்று பார்க்கிறார், பொலிசுக்குச் சொல்வதில்லை. 1904இல் வெளிவந்த அக்கதையிலே, தாம் குற்றவாளியாயிருந்தால் மிகத் திறமையான குற்றவாளியாயிருந்திருக்கக்கூடும் என்றும் ஹோம்ஸ் பெருமைப்படுகிறார். 1914இல் தொடங்கிய வேறொரு கதையில் தம் பரம எதிரி மொரியாட்டியை அவர் யாருடன் ஒப்பிடுகிறார் தெரியுமா? ஜொனதன் வைல்டுடன்! குற்றம் செய்வதையே அமைப்பாக நடத்தியவன் என்ற வகையிலே அவ்வொப்புமை பொருந்தும். ஆனால் கள்ளரைப் பிடித்துத் தந்த தனியார் என்ற வகையிலே வைல்ட் ஹோம்ஸுக்கும் முன்னோன் என்பதை ஆசிரியர் சொல்லாமல் விட்டார்.

தொலைக்காட்சி வந்தபோதுதான் உண்மையில் கறுப்பும் வெள்ளையும் தனித்தனியாகப் பிரிந்தன. அமெரிக்க ஒலிபரப்பாளர் சங்கத்தின் தொலைக்காட்சி ஒழுக்கக்கோவை 1952இல் நடைமுறைக்கு வந்தது. குற்றம் வெறுக்கத்தக்கதாகவே காட்டப்பட வேண்டும், குற்றவாளிமேல் அனுதாபம் எழக்கூடாது என்பது அதன் விதி. வீட்டு வரவேற்பறைக்குள் நுழையும் கருவி என்பதாலும், விளம்பரம் தரும் வணிகர் அஞ்சுவர் என்பதாலும் இவ்விதி பிறந்தது. முதியோர் நினைவிலே நிற்கும் 'நல்ல காலம்' இந்தச் சில ஆண்டுகளே.

அக்காலத்திலும் விதியைத் தாண்டியவர் உண்டு. அல்பிரட் ஹிச்கொக் 1955இல் தொடங்கிய தொடரிலே, 1958இல் காட்டிய ஒரு நாடகம் புகழ்பெற்றது. தன்னைக் கைவிடப் போகும் கணவனை, உறைந்து கல்லான ஆட்டுத்தொடையால் அடித்துக் கொல்கிறாள் ஒரு மனைவி. பின்பு அதனைச் சமைத்து, கொலைக் கருவியைத் தேடிவந்த பொலிசாருக்கே பரிமாறுகிறாள். நாடகம் அவள் சிரிப்போடு முடிகிறது. உடனே ஹிச்கொக் தோன்றி, அவள் இரண்டாம் கணவனையும் அவ்வாறே கொல்ல முயன்றபோது இறைச்சி உறையாமல் மெதுவாய் இருந்ததால் அகப்பட்டாள் என்று முகம் மாறாமல் அறிவிக்கிறார். ஒழுக்கக்கோவைக்குச் செலுத்திய கடன் அவ்வளவுதான். பார்த்தவர் எவரும் அதனை நம்பியிருக்கமாட்டார்.

1963இல் ஆரம்பித்த 'தப்பியோடியவன்' என்ற தொடரில், மனைவியைக் கொன்றதாகப் பொய்யாகத் தண்டிக்கப்பட்ட வைத்தியர் ஓடுகிறார்; ஜெரார்ட் என்ற பொலிஸ் அதிகாரி துரத்துகிறார். ஜெரார்ட் தீயவர் அல்லர். நீதிமன்றத் தீர்ப்பை நிறைவேற்றுவதே தம் கடமை என்று எண்ணும் நேர்மையாளர். அந்த நேர்மையே நாடகத்தின் பயங்கரம். ஜாவெரை அறிந்தவர் அவரை உடனே அறிந்துகொள்வர். 1967 ஆகஸ்டிலே கடைசிப் பகுதி காட்டப்பட்டபோது, அந்நேரத்திலே இயங்கிய தொலைக்காட்சிப் பெட்டிகளில் நூற்றுக்கு 72 பங்கு அதனையே காட்டிக்கொண்டிருந்தன. ஒழுக்கக்கோவை நடைமுறையில் இருந்த காலத்திலேயே, சட்டம் தண்டித்த ஒருவன் பிடிபடக்கூடாது என்று அமெரிக்கா முழுவதும் விரும்பியது.

இன்றைய தொடர்கள் இப்பாதையிலே நெடுந்தூரம் போயின. 2006 முதல் 2013 வரை நடந்த 'டெக்ஸ்டர்' தொடரின் நாயகன், மயாமி பொலிசிலே இரத்தக்கறை ஆராய்பவன். இரவிலே, சட்டத்துக்குத் தப்பிய கொலைகாரரைத் தேடிக் கொல்பவன். வைல்டின் நேர் வாரிசு என்று இவனைச் சொல்லத் தோன்றும். ஆயின் ஒரு வேறுபாட்டைக் கவனித்தல் வேண்டும். டெக்ஸ்டர் கொல்பவன் பெரும்பாலும் குற்றவாளியே என்பதைப் பார்ப்பவர் தம் கண்ணால் முன்னரே கண்டுவிடுகிறார், படக்கருவி காட்டிவிடுகிறது. அதனாலேயே மனம் கூசாமல் அவன் பக்கம் நிற்க முடிகிறது. ஜோஷுவா கிடன் நின்ற நீதிமன்றத்தில் அத்தகைய கருவி இருக்கவில்லை. சத்தியம் செய்தவர்களின் வாய்ச்சொல்லே அங்கே கண்ணாக இருந்தது. இத்தகைய தொடர்களின் மிகப் பெரிய பொய், நாயகன் கொலை செய்வதன்று. அவன் ஆள் மாறிக் கொல்வது அரிது என்பதே.

2010இல் பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் ஹோம்ஸை இக்காலத்து இலண்டனில் நடமாடவிட்ட 'ஷெர்லொக்' தொடர் இவ்வகையில் நேர்மையானது. 2014 ஜனவரியில் காட்டப்பட்ட பகுதியில், பழைய மில்வெர்டன் கதை புது உருப் பெற்றது. இரகசியங்களை வைத்து மிரட்டும் பத்திரிகை முதலாளி இங்கே மக்னுசன். அவனைச் சுடுவது பாதிக்கப்பட்ட பெண் அன்று. திரைக்குப் பின்னால் நின்ற ஹோம்ஸே இப்போது முன்னால் வந்து, நிராயுதபாணியாக நின்றவனை, பொலிசார் பார்த்துக்கொண்டிருக்க நெற்றியிலே சுடுகிறான். நூற்றுப்பத்து ஆண்டுகளில் அத்திரை விலகியது என்பர் சிலர்; கிழிந்தது என்பர் வேறு சிலர்.

அதற்குப்பின் நடப்பது இன்னும் கூர்மையானது. அரசாங்கம் அவனை நீதிமன்றத்துக்கு அனுப்பவில்லை. உயிரோடு திரும்ப முடியாத உளவுவேலை ஒன்றைக் கொடுத்து விமானத்திலே ஏற்றி அனுப்புகிறது. விமானம் புறப்பட்டு நான்கு நிமிடம் ஆகவில்லை. மாண்டுவிட்டதாக எண்ணிய மொரியாட்டியின் முகம் நாட்டின் திரைகள் யாவற்றிலும் தோன்றுகிறது. விமானம் திருப்பப்படுகிறது. கொலைக் குற்றம் மன்னிக்கப்பட்டதாக யாரும் சொல்லவில்லை. அவன் இப்போது தேவைப்படுகிறான், அவ்வளவே. 1809இல் பாரிஸ் பொலிசார் தப்பியோடிய கைதி ஒருவனின் விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டதும் இதே காரணம் பற்றித்தான்.